இருபத்தைந்து மைல் வேகத்தில் ஒரு நடுக்கம்

கனகராஜ் லோரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான் அந்தச் சேதி வந்தது.

குளுவாங்கிலிருந்து பதினோரு மைல் தள்ளி இருந்ததால் அந்த ரப்பர் தோட்டத்துக்குப் பதினோராங்கட்டை என்றே பேர் நிலைத்துவிட்டது. தோட்டத்துக்கு ஒரே லோரி. அதற்கு ஒரே டிரைவர் கனகராஜ். வாரநாட்களில் ரப்பர் ஷீட்டுகளை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோவான். ஞாயிற்றுக்கிழமை ஆட்களைச் சந்தைக்கு ஏற்றிப்போவான். முப்பது வயதாகியும் லோரியைத் தவிர வேறெதன் மேலும் அவனுக்குப் பெரிய நாட்டம் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன்தான் பதினோரு நாட்களுக்கு முன் பேச்சியம்மாளின் வாசலில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்கள் அக்கா மகள் காளியம்மாவை எனக்குக் கேட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் திரும்பி வந்துவிட்டான்.

காளியம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கூர்மையான கண்ணும் அதைவிடக் கூர்மையான வாயும் உள்ளவள். இதற்கு முன் வந்த இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று அனுப்பியவள். ஒருவன் பேசும்போது கூரையைப் பார்க்கிறானாம். இன்னொருவன் தன் தாயாரைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். தன்னிடம் என்ன குறை கண்டுபிடிக்கப் போகிறாளோ என்று கனகராஜ் பத்து நாள் யோசித்தான். கண்டுபிடிக்க நிறைய இருப்பது தெரிந்து, பதினோராம் நாள் யோசிப்பதை விட்டுவிட்டு டயர் மாற்றப் போய்விட்டான்.

டயர் மாற்றச் சொன்னவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வைத்தியலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீசுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் போடமாட்டார். டயர் விற்கிறவர்கள் அனுப்பியிருந்த மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றில், முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் அவ்வப்போது மாற்றிப் போட்டால் நான்கும் ஒரே சீராகத் தேயும் என்று இருந்ததாம். அவர் அதை எழுத்துக்கூட்டிய மாதிரி நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்துச் சொல்ல, கனகராஜ் மதியத்திலிருந்து ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி மாட்டினான். கடைசிச் சக்கரத்தை மாட்டிவிட்டு, அச்சுக்கு மசகு தடவுவதற்காக அடியில் புகுந்திருந்தான். அப்போது இரண்டு பாதங்கள் வந்து லோரிக்குப் பக்கத்தில் நின்றன.

"கேட்டுட்டேன். சரிங்கிறா," என்றது பேச்சியம்மாளின் குரல். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததால் அவள் உடனே போய்விட்டாள்.

கனகராஜ் அப்படியே கிடந்தான். முகத்துக்கு நேரே அச்சு. எத்தனையோ தடவை பார்த்த அச்சுதான். இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. வெளியே வந்தபின் என்ன செய்தான் என்பது அவனுக்குச் சரியாக நினைவில் இல்லை. லோரியைக் கழுவினான். கழுவிய லோரியை மறுபடி கழுவினான். இரவு சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் ஞாயிறு காலை சந்தைக்குப் போக முப்பது பேர் லோரியில் ஏறினார்கள். காளியம்மா எப்போதும் உட்காரும் இடத்தில், பின்பக்கம் இடது மூலையில், சக்கரத்துக்கு நேர் மேலே போய் உட்கார்ந்தாள். சந்தையில் முதல் ஆளாகக் குதித்து இறங்க வசதியான இடம் அது. ஏறும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, அதன்பிறகு நிதானமாகப் பார்த்தாள். கனகராஜ் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறினான். ஏறியது வலது பக்கமா இடது பக்கமா என்ற குழப்பத்தில் கிராணியாரின் குடைமேல் உட்கார்ந்துவிட்டு எழுந்தான். கிராணியார் ஏற்கெனவே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். சிகாமட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக அவருக்குக் குளுவாங்கில் பதினொன்றேகால் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் லோரி எப்போதும்போல் குலுங்கியது. அது முடிந்து தார் ரோடு வந்ததும் கனகராஜ் வேகத்தைக் கூட்டினான். பதினைந்து மைல் வரை ஒன்றுமில்லை. இருபதில் உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு. இருபத்தைந்து வந்தபோது ஸ்டியரிங், பிடிபட்ட மீன் மாதிரி கைக்குள் படபடவென்று துடித்தது. மணிக்கட்டு ஆடியது. முழங்கை ஆடியது. சட்டைப் பொத்தான்கூட ஆடியது. வேகத்தைக் குறைத்தான். ஆட்டம் நின்றுவிட்டது.

கனகராஜ் தன் இரு கைகளையும் பார்த்தான். ஓகோ, இதுதானா அது என்று நினைத்துக்கொண்டான். கல்யாணம் நிச்சயமானால் கைகால் ஓடாது என்று கூட்டாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறான். இத்தனை பலமாக இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சரியாகத்தான் இருக்கிறதா பார்ப்போம் என்று மறுபடி இருபத்தைந்துக்குப் போனான். மறுபடியும் நடுக்கம். தோட்டத்தில் வேறு எவனுக்கும் இப்படி ஒரு ஆசை வந்திருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. வாய் காதுவரை விரிந்தது.

பக்கத்தில் இருந்த வைத்தியலிங்கம் இதையெல்லாம் கவனித்தார். ஓட்டுகிறவன் இரு கையும் நடுங்க, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்த எவரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"கனகராஜ், உமக்குக் காய்ச்சல் தொடங்குது போல கிடக்கு," என்றார்.

பையைத் திறந்து கொயினா மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தோட்டத்தில் மலேரியாவை மாதத்துக்கு நாலு பேரிடம் பார்க்கிறவர் அவர். கனகராஜ் மறுக்காமல் வாங்கி, தண்ணீர் இல்லாமல் விழுங்கினான். அவ்வளவு கசப்பிலும் அவன் சிரிப்பு குறையாததைக் கண்டு கிராணியாருக்குக் கவலை கூடிவிட்டது. அடுத்த தடவை வேகம் இருபத்தைந்தைத் தொட்டதும், பையன் மயங்கிச் சாய்ந்தால் லோரி ரோட்டை ஒட்டி ஓடும் ஆற்றுக்குள் போய்விடுமே என்று தானும் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

அவர் கையும் நடுங்கியது.

வைத்தியலிங்கம் கையை எடுத்து அதை உற்றுப் பார்த்தார். தன் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு மாத்திரையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

கனகராஜுக்கு அந்த நிமிஷம்தான் தலை தெளிந்தது. கிராணியாருக்குக் கல்யாணம் நிச்சயமாகவில்லை. அவருக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். அப்படியானால் நடுங்குவது ஆள் அல்ல, லோரி. அடுத்த நொடி கால் பிரேக்கை மிதித்தது. நேற்று கடைசிச் சக்கரத்துக்கு மரை முடுக்கினோமா இல்லையா?

ரோட்டோரம் நிறுத்திக் குதித்தான். ஸ்பேனரை எடுத்து நான்கு சக்கரத்து மரைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. புத்தி எங்கேயோ இருந்தாலும் கை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. அடுத்து காற்று. அளவுகோலை வைத்துப் பார்த்தான், முன்சக்கரம் இரண்டிலும் ஒரே அளவு. பிறகு லோரிக்கு அடியில் புகுந்து, கிராணியாரை மேலேயிருந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லி, கம்பிகள் சேரும் மூட்டுகளைக் கையால் பிடித்துப் பார்த்தான். ஒரு தளர்வும் இல்லை. நேற்றுக் காலைவரை அமைதியாக ஓடிய லோரி. நேற்று செய்ததெல்லாம் சக்கரங்களை இடம் மாற்றியது மட்டும்தான்.

வைத்தியலிங்கம் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். நடுக்கத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. காரில் சாய்ந்து சிரிக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தியின் படம்தான் இருந்தது.

இதற்குள் லோரியில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கிச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எண்ணெய் கெட்டுப்போச்சு என்றார் ஒருவர். லோரியை இரண்டு தரம் கழுவியதால் எங்கேயோ தண்ணீர் புகுந்துவிட்டது என்றாள் பேச்சியம்மாள். கிராணியாரின் பாரம் முன்பக்கம் அதிகம் என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சொன்னவர் யார் என்று கிராணியார் தேட, கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சந்தைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறாத நேரம், ரோட்டோரத்தில் நிழல். யாருக்கும் கோபம் வரவில்லை.

காளியம்மா மட்டும் இறங்கவில்லை. பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்குத்தான் லோரி ஒழுங்கா ஓடுது," என்றாள்.

கனகராஜ் அதைத் தன்னைப் பற்றிய பாராட்டாக எடுத்துக்கொண்டு தலை குனிந்தான். ஆனால் அவள் பாராட்டவில்லை. மூன்று மாசமாக இந்த மூலையில் உட்கார்ந்தால் தார் ரோடு வந்ததும் பல்லோடு பல் அடிக்கும் என்றும், கூடையில் வைத்த சீப்பு தானாக எழுந்து ஆடும் என்றும், இதை அவனிடம் இரண்டு தரம் சொல்லியும் அவன் ரோடு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனான் என்றும் எல்லோர் முன்னாலும் விவரமாகச் சொன்னாள்.

"இன்னைக்கும் அதே ரோடுதான். அதே மூலைதான். எனக்கு ஒரு ஆட்டமும் இல்ல, உங்களுக்கு ஆடுது. எனக்கு அடியில இருந்த டயரு இப்ப எங்க இருக்கு?"

எல்லோரும் லோரியைப் பார்த்தார்கள். பின்னால் இடது பக்கம் இருந்த சக்கரம், இப்போது முன்னால் இடது பக்கம் இருந்தது. வைத்தியலிங்கம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கனகராஜ் ஓடிப்போய் ஜாக்கியை எடுத்தான். முன் இடது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுழற்றிவிட்டான். சக்கரம் சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து, நிற்கப்போகும் நேரத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தொட்டில்போல் ஆடி நின்றது. பேச்சியம்மாள் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு கொடுக்க, அடியில் வந்து நின்ற இடத்தில் ஒரு பொட்டு வைத்தான். மறுபடி சுழற்றினான். பொட்டு அடியில் வந்து நின்றது. மூன்றாம் தரம் பேச்சியம்மாளே சுழற்றினாள். அப்போதும் பொட்டுதான் கீழே. வலது பக்கத்துச் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் அது நினைத்த இடத்தில் நின்றது, ஒரு முறை நின்ற இடத்தில் மறுமுறை நிற்கவில்லை.

சுண்ணாம்புப் பொட்டையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்த கனகராஜுக்கு மெதுவாக நினைவு வந்தது. மூன்று மாசத்துக்கு முன் புதுத் தோப்பில் மரக்கட்டை குத்தி அந்த டயர் கிழிந்தது. புது டயர் வர நாளாகும் என்பதால், பழைய டயரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடித்த துண்டை வெட்டி உள்ளே வைத்து ஒட்டினான். ஒட்டியதை அன்றைக்கே மறந்தும்விட்டான். சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் கனம் கூடிவிட்டது. பின்னால் இருந்தவரை அந்தக் கனம் காளியம்மாவின் பல்லை ஆட்டியது. முன்னால் வந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது. டயரை மாற்றியதால் வந்த கோளாறு இல்லை. இருந்த கோளாறு இடம் மாறியிருக்கிறது.

அவன் எழுந்து நின்றான். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரோடு மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் ஒட்டுப் போட்டேன், நான்தான் மறந்துட்டேன். நீ சொன்னப்பவே பாத்திருக்கணும்," என்றான் காளியம்மாவிடம்.

கூரையைப் பார்க்காமல், யாரையும் கேட்காமல், அவன் நேராகப் பார்த்துச் சொன்னது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சக்கரத்தைப் பழையபடி பின்னாலேயே போட்டுவிட்டால் முடிந்தது என்றார் கிராணியார். கனகராஜ் அதற்குச் சம்மதிக்கவில்லை. அவள் மூன்று மாசம் ஆடியது போதும் என்றான். அவன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். காளியம்மா லோரியிலிருந்து இறங்கி வந்தாள். தோளில் கம்பைப் போட்டு இரண்டு பக்கமும் பால்வாளி தூக்கும்போது ஒரு வாளி கனத்தால் நடக்க முடியாமல் உடம்பு தள்ளாடும், அப்போது கனத்த வாளியைக் கொட்டுவார்களா, மற்ற வாளியில் ஊற்றிச் சமன் செய்வார்களா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, சுண்ணாம்புப் பொட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

இருபது மைலைத் தாண்டாமல் மெல்ல ஓட்டிக் குளுவாங் சேர்ந்தார்கள். சந்தைக்கு எதிரே செல்லப்பனின் மளிகைக் கடை. எத்தனை கனம் வேண்டும் என்று தெரிய எடைக்கற்கள் வேண்டியிருந்தன. செல்லப்பன் கற்களை இரவல் தரமாட்டார், ஆனால் என்ன விஷயம் என்று கேட்டதும் கற்களை அவரே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சக்கரத்தின் நடுத்தகட்டில் விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளைகள் உண்டு. பொட்டுக்கு எதிரே இருந்த துளையில் சணல் கோத்துக் கால் ராத்தல் கல்லைக் கட்டினார்கள். சுழற்றினால் பொட்டு இன்னும் கீழேதான் வந்தது, ஆனால் சோம்பலாக வந்தது. முக்கால் ராத்தல் கட்டினார்கள். பொட்டு மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. குச்சியில் கோத்துச் சுட்ட சாத்தே இறைச்சி விற்கும் மலாய்க்காரர் விசிறியோடு வந்தார். மீன்வலை விற்கும் சீனர் கடையைத் திறந்துபோட்டுவிட்டு வந்தார். சக்கரம் எங்கே நிற்கும் என்று மூன்று பாஷைகளில் ஆரூடம் சொன்னார்கள். மேலே நிற்கும் என்றவர்கள் ஒரு பக்கமும் கீழே நிற்கும் என்றவர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்று, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரவாரம் செய்தார்கள். வைத்தியலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுற்று எத்தனை நேரம் ஓடுகிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் யாருக்கும் பிரயோசனம் இல்லை, இருந்தாலும் அவர் சொல்லாவிட்டால் குறையாக இருந்திருக்கும்.

அரை ராத்தல் கட்டினார்கள். கனகராஜ் சுழற்றிவிட்டான். சக்கரம் சுற்றியது, வேகம் குறைந்தது, ஆடாமல் அசையாமல் நின்றது. பொட்டு பக்கவாட்டில் இருந்தது. அவன் கையால் கால்வட்டம் திருப்பிவிட்டான். விட்ட இடத்தில் நின்றது. காளியம்மா வந்து பொட்டை மேலே கொண்டுபோய் விட்டாள். அங்கேயும் நின்றது.

"அலமாக்," என்று மலாயில் வியந்தார் சாத்தேக்காரர், பயபக்தியோடு.

அந்த நேரம் பார்த்து ரயில் ஊதியது. பதினொன்றேகால் என்று கடிகாரத்தைப் பார்த்துக் கூட்டத்துக்கு அறிவித்த வைத்தியலிங்கம், அறிவித்த பிறகுதான் அதன் பொருளை உணர்ந்தார். குடையை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்தைப் பார்த்து ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மேலே நிற்கும் என்றவர்களும் கீழே நிற்கும் என்றவர்களும் ஒன்றாகச் சேர்ந்து அவரை உற்சாகப்படுத்தினார்கள். கடைசிப் பெட்டியின் வாசலில் தொங்கியபடி அவர் தொப்பியை ஆட்டியது சந்தைவரை தெரிந்தது.

வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளில் அரை ராத்தலைச் சீனர் நிறுத்துக் கொடுத்தார். காளியம்மா அவற்றைச் செல்லப்பனின் கடைப்படியில் வைத்துச் சுத்தியலால் அடித்துப் பட்டையாக்கினாள். கனகராஜ் அந்தப் பட்டைகளைத் துளைகளின் வழியே கம்பியால் இறுக்கிக் கட்டினான். ஒரே கம்பியின் இரண்டு முனையை இரண்டு பேரும் பிடித்து முறுக்க வேண்டியிருந்தது. அந்த வேலை தேவைக்குமேல் கொஞ்சம் நேரம் எடுத்தது. பேச்சியம்மாள் வந்து, கல்யாணச் சேலை வாங்கவும் சந்தையில்தான் கடை இருக்கிறது என்று நினைவூட்டினாள்.

அரக்கு நிறத்தில் சேலை எடுத்தார்கள். மாலையில் திரும்பும்போது முன்சீட்டு காலியாக இருந்தது. அதில் யார் உட்காருவது என்று ஒருவரும் பேசவில்லை. காளியம்மா சேலைப் பொட்டலத்தோடு போய் உட்கார்ந்தாள்.

தார் ரோட்டில் கனகராஜ் பதினைந்துக்குப் போனான். இருபதுக்குப் போனான். இருபத்தைந்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஸ்டியரிங் தூங்கும் பூனை மாதிரி கையில் கிடந்தது. முப்பதுக்குப் போனான். பின்னாலிருந்து பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். பேச்சியம்மாள் முன்கூரையை மேலிருந்து தட்டித் தாளம் போட்டாள். காற்றில் காளியம்மாவின் முடி அவிழ்ந்து பறந்தது. அவள் அதைக் கட்டவில்லை. அவன் காலடியில் இருந்த மூன்று மிதிகளையும் குனிந்து பார்த்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒருமுறை சொன்னதை மறுமுறை கேட்கவில்லை.

தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில் அவன் லோரியை நிறுத்தினான்.

"ஓட்டிப் பாக்கிறியா?" என்றான்.

இறங்கிச் சுற்றி வருவதற்குப் பொறுமை இல்லாமல் அவள் அப்படியே நகர்ந்து வந்தாள். செய்தி பின்னால் பரவியதும் பாதிப்பேர் குதித்து இறங்கிவிட்டார்கள். மீதிப்பேர் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். லோரி ஒரு தரம் துள்ளியது, இரண்டு தரம் விக்கியது, பிறகு முதல் கியரில் செம்மண் பாதையில் மாடு நடக்கும் வேகத்தில் நகர ஆரம்பித்தது. இறங்கியவர்கள் இரு பக்கமும் சிரித்துக்கொண்டே கூட ஓடி வந்தார்கள். கனகராஜ் ஸ்டியரிங்கின் ஓரத்தில் ஒரு விரலை மட்டும் வைத்திருந்தான். பிறகு அதையும் எடுத்துவிட்டான்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதை நேராகப் போனது. எதிரே ஆட்களை மேற்பார்க்கும் தோட்டத்து மண்டோர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். லோரியை யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தவர் சைக்கிளிலிருந்து இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு பாதையோரத் தண்ணீர்க் காண் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார். காளியம்மா ஹாரனைக் கண்டுபிடித்தாள். அடித்தாள். பிடித்திருந்தது. ஆட்கள் குடியிருக்கும் லயம்வரை விடாமல் அடித்துக்கொண்டே போனாள்.